கிரந்திப் பட்டியலும் ஒஸ்தா மாமாவும்: வாவிக்கரையில் சுன்னத்துப் பத்தியத்தின் வரலாறு

மட்டக்களப்பு வாவி சுமார் 56 கிலோமீற்றர் நீளமுடையது. ஏறாவூர், காத்தான்குடி தொடங்கித் தெற்கே கல்முனை வரை அதன் கரைகளிலும் அதை அண்டியும் முஸ்லிம் ஊர்கள் அமைந்திருக்கின்றன. இந்த ஊர்களின் பள்ளிவாசல் வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. குடி வழமை பற்றியும் நாட்டார் பாடல்கள் பற்றியும் நல்ல நூல்கள் வந்திருக்கின்றன. ஆனால் இவ்வூர்களில் பிறந்த ஆண்பிள்ளை ஒவ்வொருவனும் கடந்துவந்த ஒரு சிறு சத்திரசிகிச்சைக்கு, அதாவது சுன்னத்துக்கு, எழுத்தில் வரலாறு மிகக் குறைவு. அந்தப் புண்ணை ஆற்றியவர்கள் யார், எதைப் போட்டு ஆற்றினார்கள், பிள்ளைக்கு எதைக் கொடுத்தார்கள், எதைத் தடுத்தார்கள் என்பவை வாய்மொழியாகவே இருக்கின்றன. அந்த வாய்களும் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கின்றன.

இன்று பெரும்பாலான பிள்ளைகளுக்கு வைத்தியசாலையில் அல்லது டொக்டரின் கிளினிக்கில், விறைப்பு ஊசி போட்டு, சுன்னத்து வைக்கப்படுகிறது. ஒஸ்தா மாமாவின் கத்தி போய்விட்டது. ஆனால் அந்தக் கத்தியோடு சேர்ந்து நடந்த பத்தியம் போகவில்லை. பிள்ளை வீடு வந்து சேர்ந்ததும் குசினியில் பழைய சட்டமே நடக்கிறது. "இறால் கிரந்தி. சூரை கிரந்தி. கத்தரிக்காயைக் கண்ணிலயும் காட்டாதீங்க. தண்ணியக் கொறைச்சிக் குடு புள்ள, ஒண்டுக்குப் போனா எரியும்." ஒன்று போய் மற்றது நின்றது ஏன் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. இது பழங்கதை பற்றிய கேள்வி மட்டும் அல்ல. நின்றுவிட்ட பத்தியம் இன்றைக்கும் புண் ஆறுவதைத் தாமதப்படுத்துகிறது என்பதால்தான் இதை எழுத முனைந்தேன்.

முதலில் மனிதரைப் பார்ப்போம். 'ஒஸ்தா' என்ற சொல் 'உஸ்தாத்' என்ற பாரசீகச் சொல்லின் திரிபு. ஆசான், தொழில் தேர்ந்தவர் என்பது அதன் பொருள். மதரசாவில் ஓதித்தருபவரை நாம் இன்றும் உஸ்தாத் என்றே மரியாதையாக அழைக்கிறோம். அதே சொல்லை முடி வெட்டி, சுன்னத்து வைத்த மனிதருக்கும் கொடுத்தோம். ஆனால் அந்தச் சொல்லோடு வரவேண்டிய மரியாதையைக் கொடுக்கவில்லை. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 1969 முதல் அக்கரைப்பற்றில் தங்கிக் கள ஆய்வு செய்தவர். 2008இல் வெளியான அவரது பெருநூல் கிழக்கிலங்கைத் தமிழ், முஸ்லிம் சமூக அமைப்பை விரிவாகப் பேசுகிறது. ஒஸ்தாக்கள் பரம்பரையாகத் தொழில் செய்த, மற்றவர்கள் திருமணத் தொடர்பு வைத்துக்கொள்ளாத சிறு பிரிவினராக இருந்தமையை அவர் பதிவு செய்திருக்கிறார். கேரளத்து மாப்பிள்ளைமாரிடையே 'ஒஸ்ஸான்' என்ற பெயரில் இதே தொழிலும் இதே ஒதுக்கமும் இருந்தன. மார்க்கத்தில் இதற்கு ஆதாரம் இல்லை என்பதை உலமாக்கள் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டே செய்தோம்.

('ஒஸ்தா மாமி' என்ற பெயரோடு பெண்பிள்ளைகள் பற்றியும் ஒரு வழக்கம் உண்டு. அது முற்றிலும் வேறு விடயம். அதனால் மருத்துவப் பயன் எதுவும் இல்லை. இலங்கைச் சுகாதார அமைச்சும் 2018இல் வைத்தியத்துறையினர் அதைச் செய்யக் கூடாதெனச் சுற்றறிக்கை விடுத்தது. அதை இங்கே கலக்கவில்லை.)

சுன்னத்து வைப்பது ஷாஃபிஈ மத்ஹபில் வாஜிபு. நபி இப்றாஹீம் (அலை) அவர்களின் வழிமுறையாகவும், நகம் வெட்டுதல், மீசை கத்தரித்தல் போன்றவற்றோடு சேர்த்து 'ஃபித்ரா' என்ற உடல் தூய்மையின் பகுதியாகவும் ஹதீஸ்களில் வருகிறது. ஆனால் புண்ணுக்கு என்ன போடுவது, பிள்ளை என்ன தின்பது என்பவற்றை மார்க்கம் வைத்தியத்திடமே விட்டது. இஸ்லாமிய உலகின் வைத்தியரும் அதை எழுதி வைத்தார்கள். குர்துபாவில் வாழ்ந்து 1013 அளவில் மறைந்த அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவி, 'அத்தஸ்ரீஃப்' என்னும் தமது 30 பகுதி நூலின் கடைசிப் பகுதியைச் சத்திரசிகிச்சைக்கு ஒதுக்கினார். அதில் சுன்னத்துக்குத் தனி அத்தியாயம் உண்டு. முன்னோர் நூல்களில் இது இல்லை, ஏனெனில் அவர்களுடைய மார்க்கத்தில் இது இல்லை, இதை அனுபவத்தால்தான் கற்றோம் என்று அவர் தொடங்குகிறார். நாவிதர்கள் கத்தியால் செய்வதைச் சொல்லி, நூலால் கட்டிக் கத்தரிக்கோலால் வெட்டுவதே சிறந்தது என்கிறார். வெட்டிய பிறகு சுரைக்காயைச் சுட்ட சாம்பலைத் தூவச் சொல்கிறார்.

இந்தச் சாம்பலை வாசிக்கும்போது எனக்கு எங்கள் ஊர் நினைவு வந்தது. எங்கள் பக்கத்து முதியவர்கள் சொல்வது துணியைச் சுட்ட சாம்பலை. ஸ்பெயினிலிருந்து நூல் இங்கே வந்தது என்று நான் வாதிடவில்லை. கசியும் புண்ணை உலர்த்த எதையாவது தூவவேண்டும் என்ற எண்ணம் பல இடங்களில் தானாகவே தோன்றக்கூடியது. ஒஸ்தாவின் முறையில் மற்ற விடயங்களையும் கவனியுங்கள். ஐந்து வயதுக்கும் பத்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளையை உரலிலோ கதிரையிலோ இருத்துவார்கள். சொந்தக்காரர் ஒருவர் பின்னாலிருந்து பிடித்துக்கொள்வார். வேலை சில நொடிகளில் முடியும். பின்பு மெல்லிய வெள்ளைத் துணியால் சுற்றுவார். பிள்ளையை மல்லாக்கப் படுக்கவைத்து, சாரனின் நடுவில் கயிறு கட்டி, வளையில் தொங்கவிடுவார்கள். சீலை புண்ணில் படாது, காற்றோட்டம் இருக்கும், பிள்ளை புரளவும் மாட்டான். அடுத்தடுத்த நாட்களில் ஒஸ்தா மாமா வந்து பார்ப்பார். ஒட்டிப்போன துணியை இழுக்காமல், இளஞ்சூட்டுத் தண்ணீரால் நனைத்து நனைத்துக் கழற்றுவார்.

இன்றைய வைத்தியரிடம் இதைச் சொன்னால் இதில் பலவற்றை ஏற்றுக்கொள்வார். உராய்வைத் தடுத்தல், ஓய்வு, ஒட்டிய கட்டை நனைத்து எடுத்தல், மீண்டும் வந்து பார்த்தல் எல்லாம் இப்போதும் சொல்லப்படுபவைதாம். உலக சுகாதார நிறுவனம் 2007 முதல் ஆபிரிக்க நாடுகளில் எச்.ஐ.வி. தடுப்புக்காக ஆண்களுக்குச் சுன்னத்தைப் பரிந்துரைத்தபோது, இரண்டாம் நாளும் ஏழாம் நாளும் திரும்ப வந்து காட்டும்படி ஒழுங்கு செய்தது. ஒஸ்தா மாமாவும் வீட்டுக்கு வந்து பார்த்தார் என்பதை இதனோடு சேர்த்து யோசிக்கலாம்.

சாம்பல் விடயத்தில் மட்டும் அவரை நியாயப்படுத்த முடியாது. அப்போதுதான் எரித்த சாம்பலில் கிருமி குறைவு என்பது உண்மையே. ஆனால் அடுப்படியில் கிடந்து, மண் கலந்து, கையால் அள்ளப்பட்ட சாம்பல் வேறு. ஏற்புவலிக் கிருமியின் வித்துக்கள் மண்ணில் வாழ்பவை; கொதிநீரிலும் எளிதில் சாகாதவை. ஆபிரிக்காவில் சுன்னத்துக்குப் பிறகு ஏற்புவலி வந்த சில நோயாளரைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தபோது, புண்ணில் வீட்டு மருந்து பூசப்பட்ட சம்பவங்களும் தெரியவந்தன. அதன் பிறகு ஏற்புத் தடுப்பூசியையும் சுத்தமான புண் பராமரிப்பையும் அது வலியுறுத்தியது. இலங்கையில் முக்கூட்டுத் தடுப்பூசி 1961இல் அறிமுகமானது. விரிவாக்கப்பட்ட நோய்த்தடுப்புத் திட்டம் 1978இல் தொடங்கியது. "எங்களுக்கும் சாம்பல்தானே போட்டாங்க, நாங்க செத்தா போனோம்?" என்று கேட்பவர்கள், தங்கள் கையில் ஏறியிருந்த அந்த ஊசியையும் கணக்கில் எடுக்கவேண்டும்.

இனிக் குசினிக்கு வருவோம். 'கிரந்தி' என்பது நம் பகுதியில் அன்றாடச் சொல். சித்த வைத்தியத்தில் அது தோலில் வெடித்துக் கிளம்பும் நோய்களைக் குறிக்கும். பேச்சு வழக்கில் நோயைவிட உணவுக்கே அந்தப் பெயர் அதிகம் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் 'கரப்பான் பண்டம்' என்பதும் ஏறத்தாழ இதுவே. இறால், நண்டு, கணவாய், சூரை, கத்தரிக்காய், தக்காளி, அன்னாசி ஆகியவை பட்டியலின் நிரந்தர அங்கத்தவர்கள். இதற்கு மேல் 'சூடு' என்று கோழியையும் முட்டையையும் மாட்டிறைச்சியையும் சேர்ப்பவர்கள் உண்டு. மிஞ்சுவது சோறு, பருப்பு, பாலாணம், ரஸ்க், பிளேன்ரீ. சூடு, குளிர் என்ற பகுப்பு நம்முடையது மட்டும் அல்ல. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் தமிழ் பேசும் மக்களின் உடல் பற்றிய சிந்தனை முழுவதிலும் அது ஊடுருவியிருப்பதை மெக்கில்வ்ரே 1998இல் ஒரு தனி நூலிலேயே காட்டியிருக்கிறார். யூனானி வைத்தியத்திலும் உணவுக்குச் சூடு, குளிர் உண்டு.

இந்தப் பட்டியலை மூடநம்பிக்கை என்று தூக்கி எறிவது சுலபம். நான் அப்படிச் செய்ய விரும்பவில்லை. ஏனென்றால் பட்டியலில் உள்ளவற்றைப் பாருங்கள். இறாலும் நண்டும் கணவாயும் உலகெங்கும் ஒவ்வாமையை அதிகம் ஏற்படுத்தும் உணவுகளில் சேர்ந்தவை. சூரையின் கதை இன்னும் சுவையானது. சூரை, கும்பளா போன்ற மீன்கள் பிடிபட்ட பிறகு ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்தால், அவற்றின் தசையில் கிருமிகள் ஹிஸ்டமின் என்ற பொருளை உண்டாக்குகின்றன. சமைத்தாலும் அது அழியாது. தின்றவருக்கு முகம் சிவக்கும், உடம்பு தடித்துச் சொறியும். தோணியில் ஐஸ் இல்லாத காலத்தில், மத்தியானம் கரைக்கு வந்த சூரையை அந்திக்கு ஆக்கித் தின்ற மக்கள் இதைக் கண்ணால் கண்டார்கள். கத்தரிக்காயிலும் தக்காளியிலும் இயல்பாகவே ஹிஸ்டமின் இருப்பதுண்டு. சிலருக்கு வாய் சுணைக்கும். ஆகவே 'கிரந்தி' என்ற சொல்லுக்குப் பின்னால் கூர்மையான அவதானம் இருக்கிறது.

பிழை அதைப் பிரயோகித்த இடத்தில்தான். சொறி வருபவருக்குப் பொருந்தும் பட்டியல், புண் உள்ள எல்லோருக்கும் உரியதாக நீட்டப்பட்டது. தோல் தடிப்பதும் புண் சீழ் பிடிப்பதும் வேறு வேறு. சீழ் கிருமியால் வருவது, இறாலால் வருவதில்லை. முன்பு இறால் தின்று ஒருபோதும் சொறி வராத பிள்ளைக்கு, சுன்னத்து வைத்த காரணத்தால் இறால் விஷமாகிவிடாது. முன்பே ஒவ்வாத பிள்ளைக்கோ புண் இல்லாத நாளிலும் அது ஆகாது.

மீன் தடையை நம் கண்ணில் படாத இன்னொரு கோணத்திலும் பார்க்கலாம். இந்துசமுத்திரத்தின் அந்தப் பக்கம், மலாய் முஸ்லிம்களிடையே சுன்னத்து வைத்த பிள்ளைக்குத் தேடிப் பிடித்துக் கொடுக்கும் மீன் ஒன்று உண்டு. அவர்கள் அதை 'ஹாருவான்' என்கிறார்கள். அது வேறொன்றும் அல்ல, நமது குளத்திலும் வயல் வாய்க்காலிலும் பிடிபடும் விரால்தான். பிள்ளைப்பேற்றுக்குப் பின்னும் சத்திரசிகிச்சைக்குப் பின்னும் அங்கே அதைச் சூப்பாக்கிக் கொடுப்பார்கள். மலேசிய ஆய்வாளர்கள் 1994இல் அதன் அமினோ அமிலங்களையும் கொழுப்பமிலங்களையும் பகுத்துப் பார்த்து, புண் ஆற உதவக்கூடிய கூறுகள் இருப்பதை வெளியிட்டார்கள். அதே மார்க்கம், அதே மத்ஹப், அதே மீன். அங்கே மருந்து, இங்கே விலக்கு. கடல் உணவு ஆகுமானது என்று சூறா அல்மாயிதா சொல்வதை இரு தரப்பும் ஓதுகிறோம். எனவே இது மார்க்கத்தின் தடை அல்ல, ஊர் வழக்கம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

நம் வீட்டுக்குள்ளேயே சாட்சி இருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பால் சுறாவைப் புட்டாக்கி, உள்ளியும் மிளகும் வேர்க்கொம்பும் அரைத்த சரக்குக்கறியோடு கொடுக்கிறோம். அவளுக்கும் உடம்பில் ஆறவேண்டிய காயம் உண்டு. அவளுக்கு மீன் மருந்தானபோது, அவளுடைய மகனுக்கு மட்டும் ஏன் பாலாணமும் வெறுஞ்சோறும்?

புண் ஆறுவதற்கு உடம்பு புதுத் தசையும் தோலும் கட்டவேண்டும். அதற்குப் புரதம் வேண்டும். அது மீன், முட்டை, கோழி, பருப்பு, பாலில் இருக்கிறது. கட்டும் நாரான கொலாஜனை உருவாக்க உயிர்ச்சத்து சீ வேண்டும். 1939இல் பொஸ்டனில் ஜோன் க்ரண்டன் என்ற இளம் சத்திரசிகிச்சை வைத்தியர் தன் உடம்பிலேயே இதைச் சோதித்தார். உயிர்ச்சத்து சீ அற்ற உணவை மாதக்கணக்கில் உண்டார். மூன்று மாதமளவில் முதுகில் வெட்டிய காயம் வழக்கம்போல் ஆறியது. ஆறு மாதமளவில் வெட்டிய காயம் உள்ளே ஆறவே இல்லை. அந்த உயிர்ச்சத்தை ஏற்றிய பின் ஆறியது. 1940இல் வெளியான அந்த ஆய்வு மருத்துவ உலகில் நிலைத்துவிட்டது. இதில் நமக்கு ஆறுதலும் உண்டு. ஒரு வாரப் பத்தியத்தால் நல்ல திடமான பிள்ளைக்குப் பெரிய கேடு வந்துவிடாது. ஏற்கெனவே மெலிந்த பிள்ளைக்கும், முதியவருக்கும், சீனி வருத்தக்காரருக்கும்தான் அது ஆபத்து. கொய்யாவும் பப்பாசியும் தோடம்பழமும் தேசிக்காய்த் தண்ணீரும் அந்த உயிர்ச்சத்தைத் தருகின்றன. இவற்றில் சிலவற்றையும் 'குளிர்' என்று ஒதுக்கும் வீடுகள் உண்டு.

பட்டியலில் மிகவும் தீங்கானது மீன் தடை அல்ல, தண்ணீர்த் தடை. எரியும் என்று பயந்து தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் கடுமையாகிறது. கடுமையான சிறுநீர்தான் அதிகம் எரிகிறது. பிள்ளை பயந்து அடக்குவான், எரிவு கூடும். நமது பகுதியின் வெயிலில் இது வீண் வதை. தாராளமாகத் தண்ணீர், இளநீர், கஞ்சி கொடுத்தால் எரிவு குறையும்.

தோல் பராமரிப்பிலும் அறிவு மாறியிருக்கிறது. புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்று நம்பிய காலம் இருந்தது. 1962இல் ஜோர்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் சோதித்து, ஈரப்பதம் காக்கப்பட்ட காயத்தில் புதுத் தோல் ஏறத்தாழ இரு மடங்கு வேகமாக மூடுவதைக் காட்டினார். அதனால்தான் வைத்தியர்கள் இன்று தூளுக்குப் பதிலாக வெஸ்லீன் தடவிய துணியைச் சுற்றுகிறார்கள். முதல் ஓரிரு நாள் நனையாமல் வைத்து, பிறகு வைத்தியர் சொன்னபடி வெதுவெதுப்பான தண்ணீரால் கழுவி, ஒற்றி எடுத்தால் போதும். சில நாள் வீக்கமும், மஞ்சளாக மெல்லிய படலமும் இயல்பானவை; அது சீழ் அல்ல, சுரண்டக் கூடாது. அழுத்திப் பிடித்தும் நிற்காத இரத்தம், பரவும் சிவப்பு, நாற்றம், காய்ச்சல், பல மணி நேரம் சிறுநீர் போகாமை ஆகியவற்றுக்குப் பட்டியல் பார்த்துக்கொண்டிருக்காமல் வைத்தியசாலைக்கு ஓடவேண்டும்.

இனித் தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். கத்தி போய்ப் பட்டியல் நின்றது ஏன்? கிழக்கிலங்கையில் வீடு மகளுக்குச் சீதனமாகப் போகிறது. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். உம்மா, உம்மும்மா, சாச்சிமார் எல்லோரும் ஒரே வளவிலோ பக்கத்து வளவிலோ இருப்பார்கள். குசினியின் அறிவு தாயிடமிருந்து மகளுக்கு, வீடு மாறாமல், அடுப்பு மாறாமல் கைமாறுகிறது. ஒஸ்தாவின் அறிவு தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது. அந்த மகனோ, ஊர் தன் குடும்பத்தைக் கீழே வைத்த தொழிலைத் தொடர விரும்பவில்லை. படித்தான், வெளிநாடு போனான், வேறு தொழில் பார்த்தான். அவனைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. இப்படியாக, புண்ணைத் தொட்டுப் பழகிய கையின் அறிவு அறுந்தது. தொடாமல் தூரத்திலிருந்து காத்த பயத்தின் அறிவு தொடர்ந்தது. புண்ணை நாள்தோறும் பார்த்து, "இது சரியாத்தான் ஆறுது மனே, பயப்படாத" என்று சொல்ல ஆள் இல்லாமல் போனபோது, வீட்டாருக்குக் கையில் மிஞ்சிய ஒரே பாதுகாப்பு பட்டியல்தான். அது மேலும் இறுகியது இப்படித்தான் என்று நான் கருதுகிறேன்.

இறுகியதோடு நிற்கவும் இல்லை. சுன்னத்துக்கு உரியதாக இருந்த விலக்குகள் இன்று சிசேரியன் தையலுக்கும், கொழுப்புக் கட்டி எடுத்ததற்கும், மரு சுட்டதற்கும், காலில் ஆணி வெட்டியதற்கும் பொருந்துவதாகிவிட்டன. சீனி வருத்தமுள்ள ஒருவர் காலில் தையலோடு வந்து, மீனையும் முட்டையையும் விட்டு, வெள்ளைச் சோறும் ரஸ்க்கும் சீனி போட்ட தேநீருமாக இரண்டு கிழமை இருந்தால் என்ன நடக்கும்? சீனி ஏறும், புரதம் குறையும், புண் திறந்தே கிடக்கும். பிறகு "பத்தியம் தப்பிட்டு, எங்கயோ கிரந்தி தின்னிருக்கார்" என்ற பழி வேறு அவருக்கு.

இதைத் தீர்க்க டொக்டர் மட்டும் போதாது. அவர் பிள்ளையின் வாப்பாவோடு ஐந்து நிமிடம் பேசுகிறார். சமைப்பவரோ வீட்டில் இருக்கும் உம்மும்மா. கிளினிக்கில் கொடுக்கும் துண்டில் மருந்தின் பெயரோடு, மீன் கொடுக்கலாம், முட்டை கொடுக்கலாம், தண்ணீர் நிறையக் கொடுக்க வேண்டும் என்று தமிழில் நான்கு வரி எழுதி, அதை உம்மும்மாவிடம் மரியாதையாக வாசித்துக்காட்டும் ஒருவர் வேண்டும். முன்பே ஒவ்வாத உணவை மட்டும் விலக்குங்கள் என்று சொன்னால் அவருடைய அறிவையும் மதித்ததாகும். அவர் கண்டதும் பொய் அல்லவே.

இன்னொரு கடனும் இருக்கிறது. ஒஸ்தாத் தொழில் செய்தவர்களில் எஞ்சியிருக்கும் முதியவர்கள் சிலரே. அவர்களிடம் போய், என்ன கத்தி, எந்த மரத்துப் பட்டை, எந்த எண்ணெய், இரத்தம் நிற்காவிட்டால் என்ன செய்தீர்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். இரத்தம் நிற்காமல் போன பிள்ளைகளைப் பற்றியும் கேட்கவேண்டும். வரலாறு என்றால் அதுவும் சேர்ந்ததுதான். நமது பல்கலைக்கழகங்களில் படிக்கும் பிள்ளைகள் தத்தம் ஊரில் ஒருவரையாவது ஒலிப்பதிவு செய்தால், இன்னும் பத்து ஆண்டுகளில் எழுத முடியாத ஒரு நூலை இப்போது எழுதிவிடலாம். அவர்களை அழைக்கும்போது, அந்தச் சொல்லின் பழைய பொருளிலேயே, உஸ்தாத் என்று அழைத்தால் நல்லது.